தேசிங்கு குதிரையும் ஓசூர் குதிரையும்

செஞ்சிக்கு மூன்று ரகமான ஆட்கள் வருகிறார்கள்.

முதல் ரகம், திருவண்ணாமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அதோ கோட்டை!" என்று விரலை நீட்டிவிட்டு மறுபடி தூங்கிப் போகிறவர்கள். இரண்டாவது ரகம், பஸ்ஸை விட்டு இறங்கி, ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்து, "இதிலயா ஏறணும்?" என்று மலைத்து, ஓர் இளநீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். மூன்றாவது ரகம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைக்கில் வருகிற இளைஞர்கள். திண்டிவனத்தில் ஒரு டீ, கோட்டை வாசலில் ஒரு போட்டோ, "மச்சான், மெட்ராஸ்லேர்ந்து எவ்ளோ நேரத்துல வந்தோம் பாத்தியா?" என்று ஒரு கணக்கு. ஹெல்மெட் பெரும்பாலும் பெட்ரோல் டாங்க் மேல் பத்திரமாக இருக்கும். தலைதான் காற்றாட வரும்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ரகத்துக்காக. வேகத்தைப் பற்றிச் செஞ்சி ஒரு பாடம் வைத்திருக்கிறது. அந்தப் பாடத்தின் இரண்டாம் பாகம், இதே சாலையில் மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, ஓசூரில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தமாகும்.

மூன்று மலை, எட்டு வருஷம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. இந்த மூன்று மலைகளையும் ஒரே மதில் போட்டு வளைத்ததுதான் செஞ்சிக் கோட்டை. மலை என்றால் பச்சைப் பசேலென்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். யாரோ ஒரு ராட்சதக் குழந்தை கூழாங்கல் விளையாடிவிட்டு, அம்மா கூப்பிட்டாளென்று அப்படியே போட்டுவிட்டு ஓடிய மாதிரி பாறை மேல் பாறை. வெயில் காலத்தில் போனால் பாறை உங்களுக்கு இலவசமாக தோசைக்கல் வைத்தியம் செய்யும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. "மராட்டியர் லிஸ்ட்டில் தமிழ்நாட்டுக் கோட்டை எப்படி?" என்று கேட்பீர்கள். 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம், ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பி இங்கேதான் வந்து உட்கார்ந்தார். 1690-ல் மொகலாயப் படை கோட்டையைச் சுற்றி முற்றுகை போட்டது. உள்ளே நுழைந்தது 1698-ல். சில ஊர்களில் ரயில்வே மேம்பாலம் கட்டுகிற வேகம்தான். ராஜாராம் அதற்குள் தப்பித்துப் போயாகிவிட்டது.

ராஜகிரி உச்சிக்குப் போனால் காரணம் தெரியும். கடைசியில் ஒரு பெரிய பாறைப் பிளவு, அதன்மேல் சின்னதாக ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை ஒன்றும் செய்ய முடியாது. என்னோடு வந்த நண்பர் (அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்) அந்தப் பாலத்தில் நின்று, மூச்சிரைக்க, "எங்க மேனேஜர் ரூமுக்கு இப்படி ஒரு செட்டப் இருந்தா நாங்க ஒருத்தரும் லீவு கேக்கவே முடியாது ஸார்" என்றார்.

செஞ்சியை நாயக்கர்கள் ஆண்டார்கள், பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் ஆண்டார்கள், மராட்டியர், மொகலாயர், ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். ஆனால் ஊரில் யாரையாவது நிறுத்தி, "இது யார் கோட்டை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒன்றுதான்: "தேசிங்கு ராஜா கோட்டை."

அந்த தேசிங்கு ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை.

ஒரு சவாரிக்காரனின் கதை

வரலாற்றில் அவர் பெயர் தேஜ் சிங். புந்தேலா ராஜபுத்திரர். அப்பா ஸ்வரூப் சிங், மொகலாயருக்காகச் செஞ்சிக் கோட்டையைக் காவல் காத்தவர். அப்பா இறந்ததும் மகன் உட்கார்ந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், "பாக்கி வரி எங்கே?" என்று கேட்டார். பையன் கொடுக்க மறுத்தான். 1714 அக்டோபரில் சண்டை. நவாப் பக்கம் பல ஆயிரம் பேர். தேசிங்கு பக்கம் சில நூறு குதிரை வீரர்கள். முடிவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கதைப்பாடல் வரலாற்றைவிட நன்றாக இருக்கும். டில்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை ஒரு பதினெட்டு வயசுப் பையன் அடக்குகிறான். குதிரை பெயர் பாராசாரி. மோவத்துக்காரன் என்று ஓர் உயிர் நண்பன், முஸ்லிம். கல்யாணப் பந்தலில் இருந்தவன், நண்பனுக்குச் சண்டை என்று கேட்டதும் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வருகிறான். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்தது. தெருக்கூத்து, உடுக்கைப் பாட்டு, சினிமா என்று 300 வருஷமாகத் தோற்றுப்போன ஒருவரைத்தான் நாம் பாடிக்கொண்டிருக்கிறோம். பாக்கியை வசூல் பண்ணிய நவாபுக்கு ஒரு தெருக்கூத்துகூடக் கிடையாது.

செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் சிங்கவரம் என்று ஒரு கிராமம். குன்றைக் குடைந்து ரங்கநாதர் கோயில். பெருமாள் ஒரே பாறையில் நீட்டிப் படுத்திருக்கிறார். சண்டைக்குக் கிளம்புமுன் தேசிங்கு இவரிடம் வந்து உத்தரவு கேட்டாராம். "இன்றைக்கு வேண்டாம்" என்றாராம் பெருமாள். தேசிங்கு கேட்கவில்லை. பெருமாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க் கதை. இன்றைக்கும் அந்தத் திரும்பின முகத்தைக் காட்டித்தான் சொல்வார்கள்.

இந்தக் கதையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருப்பவர் "வேண்டாம்" என்று சொல்லியும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைக்காது.

லாயத்தில் பத்து நிமிஷம்

ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மஹால் இருக்கிறது. மாடி மேல் மாடியாகக் கோபுரம் போல ஒரு கட்டடம். எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். அதை ஒட்டி, வளைவு வளைவாக வரிசையாகக் கட்டின குதிரை லாயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. குரங்குகள் மட்டும் குடும்பத்தோடு குடியிருக்கின்றன.

என்னைக் கேட்டால் செஞ்சியில் முக்கியமான இடம் அதுதான்.

ஒரு குதிரை ஒரு நாள் ஓடுவதற்கு, மிச்ச நாளெல்லாம் ஒருவன் அதற்குக் கொள்ளு வேகவைக்க வேண்டும். இன்னொருவன் லாடம் கட்ட வேண்டும். ஒருவன் தேய்த்துவிட வேண்டும். ராத்திரி கால் நொண்டுகிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்க ஒருவன் வேண்டும். பாராசாரியை யார் ஓட்டினார் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் லாடம் கட்டினார்? அவரைப் பற்றி ஒரு வரிகூடப் பாட்டில் இல்லை.

சவாரிக்காரனைப் பாடினோம். லாயக்காரனை விட்டுவிட்டோம். ராலி டீம் என்பது லாயக்காரனைச் சேர்த்துப் பாடுகிற கதை.

ராலி என்றால் பேரணி இல்லை

"ராலி" என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? லாரி, கொடி, "வருங்கால முதல்வரே வருக" பானர், பிரியாணிப் பொட்டலம். அகராதியும் பேரணி என்றுதான் சொல்லும். இது வேறு.

ரேஸ் என்றால் ஒரே டிராக்கில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, இடித்துப் பிடித்துச் சுற்றி வருவது. ராலியில் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். எதிரி கண்ணில் பட மாட்டான். காட்டுப் பாதை, மண் ரோடு, மலை வளைவு. உங்களுக்கு எதிரி கடிகாரம்தான். வேகமாகப் போக வேண்டிய துண்டுகளுக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். அங்கே பொதுஜனப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சாதாரண ரோடு, சாதாரண சட்டம், சிக்னலில் நிற்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் குறித்த நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும். சர்வதேச விதிப்படி கார் ராலியில், லேட்டாக வந்தால் நிமிஷத்துக்கு 10 செகண்ட் அபராதம். சீக்கிரம் வந்தால்? நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் அபராதம்! முந்திக்கொண்டு வருபவனுக்குத்தான் தண்டனை அதிகம். இதைச் சொன்னதும் அக்கவுண்ட்ஸ் நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த ரூலை எங்க ஆபீஸ்ல கொண்டு வரணும் ஸார். நான் ஒரு நாளும் ஃபைன் கட்டியிருக்க மாட்டேன்."

காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். பக்கத்து சீட்காரர் மடியில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, "இடது மூணு, நூறு மீட்டர், மேடு, வலது அஞ்சு, உள்பக்கம் கல் இருக்கு" என்று ஓயாமல் வாசித்துக்கொண்டே வருவார். முன்கூட்டி அந்தப் பாதையை மெதுவாகச் சுற்றி வந்து இரண்டு பேருமாக எழுதின குறிப்பு அது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. காதில் விழுகிற குரலை நம்பித்தான் முழு வேகத்தில் மேட்டில் ஏறுகிறார். நம் வீட்டில் அப்பா பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "மெதுவா, மெதுவா, பள்ளம், பள்ளம்" என்பாரே, அதுதான். அங்கே அதற்குச் சம்பளம் தருகிறார்கள், நம் வீட்டில் சண்டை வருகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலை, கோட்டை மதிலைப் பிளந்துகொண்டு, கிருஷ்ணகிரி மலைக்கும் ராஜகிரி மலைக்கும் நடுவே நுழைகிறது. செஞ்சியில் ஒரு கிருஷ்ணகிரியைத் தாண்டி, மேற்கே போய் இன்னொரு கிருஷ்ணகிரியில் முடிகிற சாலை. அங்கிருந்து பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் ஓசூர்.

ஓசூரில் டி.வி.எஸ். தொழிற்சாலை. 1980-ல் அங்கிருந்துதான் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. உங்களில் பல பேரை எல்.கே.ஜி.க்கு அப்பா இறக்கிவிட்ட வாகனம் அதுவாகத்தான் இருக்கும். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஆட்டுக்குட்டி, மனைவி, இரண்டு குழந்தை எல்லாம் ஒரே டிரிப்பில் போகும்.

1982-ல் அந்தக் கம்பெனி ஒரு ரேஸிங் டீம் ஆரம்பித்தது. இந்தியாவில் ஒரு தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் நடத்திய முதல் ரேஸிங் டீம் என்று அதைச் சொல்வார்கள். சுஸுகியோடு கூட்டுச் சேர்ந்து மோட்டார் சைக்கிள் வந்தது 1984-ல்தான். 1982-ல் கையில் இருந்தது மொபெட். அரிசி மூட்டை தூக்குகிற வண்டியை வைத்துக்கொண்டு ரேஸ் டீம் ஆரம்பிக்க ஒரு தைரியம் வேண்டும். கழுதையைப் பிடித்து அலங்காரம் பண்ணி அஸ்வமேதம் என்கிற மாதிரி!

அந்த நாளில் மெட்ராஸ்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம். இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தும். பிற்பாடு ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே டிராக் போட்டார்கள். தென்னிந்திய ராலியை நடத்துவதும் இதே கிளப்தான்.

ரேஸ் டீம் வைத்திருப்பது கம்பெனிக்கு விளம்பரம் மட்டுமில்லை. ரோட்டில் ஐந்து வருஷத்தில் உடைகிற பாகம், ரேஸில் ஐந்தே நாளில் உடையும். உடைந்ததை எடுத்து மேஜை மேல் வைத்து, "ஏன் உடைந்தாய்?" என்று கேட்கலாம். 2001-ல் சுஸுகி பிரிந்து போனபோது சொந்தக் காலில் நிற்க வேண்டிய கட்டாயம். பிற்பாடு வந்த அப்பாச்சி பைக்கின் மேல் ஆர்.டி.ஆர். என்று ஒட்டியிருக்கிறதே, "ரேஸிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்". நம் பையன்கள் அதை ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு லாயத்தின் பல வருஷ உழைப்பு இருக்கிறது.

தலை இல்லாத பாலைவனம்

ராலிகளில் பெரியது டக்கார். 1978 டிசம்பர் 26-ஆம் தேதி பாரீசில் கிளம்பி, சகாரா பாலைவனத்தைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் டக்கார் நகரத்தில் முடிந்தது முதல் பந்தயம். 2008-ல் பாதுகாப்பு பயத்தில் ரத்து. 2009 முதல் தென் அமெரிக்கா. 2020-லிருந்து சவூதி அரேபியா. டக்கார் போகாத டக்கார். வண்ணாரப்பேட்டையில் இருக்கிற மைலாப்பூர் மெஸ் மாதிரி, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வாரம், பல ஆயிரம் கிலோமீட்டர். பைக்காரருக்குப் பக்கத்து சீட் கிடையாது. ஹாண்டில்பார் மேல் இருக்கிற வழிக் குறிப்பை அவரே படித்து, மணல் மேட்டில் அவரே வழி கண்டுபிடித்து, அவரே ஓட்ட வேண்டும். சாயங்காலம் முகாமுக்கு வந்து, சாப்பிட்டு, மறுநாள் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சாய்வார். அப்போதுதான் லாயக்காரருக்கு டியூட்டி ஆரம்பம். மெக்கானிக் பைக்கைப் பிரிப்பார். ஆயில், ஃபில்டர், டயர், பிரேக் எல்லாம் பார்த்து, விடிவதற்குள் மாட்டி நிறுத்த வேண்டும். எஞ்ஜினையே மாற்றினால் நேர அபராதம் உண்டு. அதனால் இருக்கிற எஞ்ஜினைக் கடைசிவரை உயிரோடு வைத்திருப்பதுதான் வித்தை.

2015-ல் டி.வி.எஸ்., பிரான்சைச் சேர்ந்த ஷெர்கோ என்கிற பைக் கம்பெனியோடு சேர்ந்து டக்காருக்குப் போனது. மொபெட்டில் ஆரம்பித்து 33 வருஷம். அதே 2015-ல் பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் வேறு பைக்கில் தனியாகப் போய், 36-ஆவதாக முடித்தார். டக்காரை முடித்த முதல் இந்தியர் அவர்தான்.

ஓசூர் டீமுக்காக உடுப்பிக்காரர் கே.பி. அரவிந்த் 2017-ல் போனார். பாதியில் வெளியே. 2018-ல் மறுபடி. மறுபடி பாதியில். இரண்டு வருஷம் தொடர்ந்து ஃபெயிலானால் நம் வீட்டில், "கடை வெச்சுக் குடுக்கறேன், ஒழுங்கா உட்காரு" என்பார்கள். டீம் அப்படிச் சொல்லவில்லை. 2019-ல் பெரு நாட்டு மணலில் 37-ஆவதாக முடித்தார்.

அடுத்து ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா. ஷொர்ணூர் என்றால் ரயில் மாறுகிற ஊர் என்றுதானே தெரியும்! 2021-ல் 20-ஆவது இடம். இந்தியர் யாரும் அதுவரை தொடாத இடம். 2023-ல் விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டு, போட்டியிலிருந்து வெளியே வந்தார். முதுகெலும்பில் அடி என்றால் நம்மில் பல பேர் ஸ்கூட்டரையே விற்றுவிடுவோம். 2024-ல் அவர் மறுபடி போனார்.

அந்த வருஷம் புதிதாக ஒரு சித்திரவதை சேர்த்திருந்தார்கள். 48 மணி நேர ஸ்டேஜ். மாலை நாலு மணி ஆனதும், அடுத்து எந்த முகாம் வருகிறதோ அங்கே நின்றுவிட வேண்டும். ஒரு கூடாரம், கொஞ்சம் சாப்பாடு. மெக்கானிக் கிடையாது, டீமோடு பேச்சும் கிடையாது. லாயக்காரன் இல்லாத ராத்திரியில்தான் லாயக்காரன் முந்தின நாள் செய்த வேலை தெரியும். போல்ட் ஒழுங்காக முடுக்கியிருக்கிறதா என்று மணலில் போய்த்தானே தெரிய வேண்டும்?

ஹரித் நோவா மொத்தத்தில் 11-ஆவது இடம். ராலி 2 என்கிற பிரிவில் முதலிடம். டக்காரில் ஒரு பிரிவை ஜெயித்த முதல் இந்தியர். 1982-லிருந்து 2024, மொத்தம் 42 வருஷம். தேசிங்கு ஒரே நாளில் முடிக்கப் பார்த்ததை இவர்கள் 42 வருஷத்துக்கு நீட்டினார்கள்.

நடுவில் இன்னொரு பெயர். ஐஸ்வர்யா பிஸே, இதே டீம். 2018-ல் ஸ்பெயினில் விழுந்து படுகாயம். 2019-ல் பாஹா என்கிற பாலைவன ராலிகளில் பெண்கள் பிரிவில் உலகக் கோப்பை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பைக்கு?" என்கிற மாமாக்களுக்கு இந்தப் பத்தியை வெட்டி அனுப்பவும்.

லாடம் கட்டினவர்கள்

குதிரைக்கு லாடம் மாதிரி காருக்கு டயர். அந்தக் கதையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் கே.எம். மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். திருவிழாவில் விற்கிற பலூன்தான். அது வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. அந்தக் கம்பெனி ராலி டீம் ஒன்றும் வைத்தது. 2013, 2016, 2017 என்று மூன்று வருஷம், அந்த டீமின் ஸ்கோடா காரில் கௌரவ் கில் ஆசிய பசிபிக் சாம்பியன் ஆனார். 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் எஃப்ரேன் யாரேனா, ஸ்பெயின்காரர். ஓட்டினது எம்.ஆர்.எஃப். டீமுக்காக. திருவொற்றியூர் பலூன், ஐரோப்பாவில் போய் வெடிக்காமல் நின்றது.

இப்போது ஒரு கேள்வி. 2013-ல் கௌரவ் கில்லுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "இடது மூணு, வலது அஞ்சு" என்று வாசித்தவர் யார்? ஆஸ்திரேலியக்காரர், கிளென் மக்னீல். தெரியாது இல்லையா? மோவத்துக்காரனுக்காவது நம்மிடம் பாட்டு இருக்கிறது. செஞ்சி பக்கம் நீலாம்பூண்டியில் அவனுக்கும் நீலவேணிக்கும் சமாதி இருப்பதாகவும் ஊர் சொல்கிறது. பக்கத்து சீட்காரரை மறக்காத ஊர் என்பதற்காகவே செஞ்சிக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம்.

விலை

இதையெல்லாம் படித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், பில்லையும் பார்த்துவிடுங்கள்.

2020 டக்காரில் இன்னொரு இந்திய டீமான ஹீரோவுக்காக ஓட்டின போர்ச்சுகல்காரர் பாவ்லோ கொன்சால்வஸ் பாலைவனத்தில் விழுந்து இறந்துபோனார். எத்தனையோ டக்கார் பார்த்தவர், அனுபவசாலி. டீம் அந்த வருஷப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானில், ராலிக்காக மூடியிருந்த சாலைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. மோதலில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஒரே குடும்பம். ராலி பார்க்க வந்தவர்கள்கூட இல்லை.

மூடின சாலையிலேயே இந்த நிலைமை என்றால், மூடாத சாலையில்? திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே மேட்டுக்கு அந்தப் பக்கம் நெல் காயப் போட்டிருப்பார்கள். கரும்பு லாரி யூ டர்ன் அடிக்கும். ஆடு கடக்கும். ஆட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டி கடப்பாள். "இடது மூணு, நூறு மீட்டர், பாட்டி" என்று வாசித்துச் சொல்ல உங்கள் பைக்கில் யாரும் இல்லை.

அங்கே போட்டியில் வேகமாகப் போகிறவனுக்கு முன்னால் ஒருவன் அந்தப் பாதையைப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறான். பின்னால் டாக்டர் நிற்கிறார், மேலே ஹெலிகாப்டர் சுற்றுகிறது. உடம்பு பூரா கவசம். வண்டியை ராத்திரி பூரா ஒருவன் பிரித்து மாட்டியிருக்கிறான். இத்தனை பேர் சேர்ந்து வாங்கித் தந்த வேகம் அது. நாம் அந்தக் கடைசி மனுஷனை மட்டும் டி.வி.யில் பார்த்துவிட்டு, "ஹாண்டில்பாரை முறுக்கினால் போதும் போலிருக்கிறது" என்று முடிவு கட்டுகிறோம். தேசிங்கு பாட்டைக் கேட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்புகிற மாதிரிதான் இது.

தேசிங்குக்குத் தைரியம் குறைவா? இல்லை. குதிரை மட்டமா? அதுவும் இல்லை. ஆள் போதவில்லை, நாள் போதவில்லை, "வேண்டாம்" என்ற குரலைக் கேட்கப் பொறுமை போதவில்லை. தோற்றாலும் பாட்டு கிடைத்தது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டு பிறந்தபோது அவர் இல்லை. அவர் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்தப் பெண்ணின் ஞாபகமாகத்தான் நவாப் ராணிப்பேட்டை என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தார் என்று ஒரு கதை உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு ஊர்ப் பெயரெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் திரும்பி வந்தால் போதும்.

போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். விடியற்காலையில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் ராஜகிரி ஏறினால் பாறை சும்மா விடாது. தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். கையில் வைத்திருந்தால் குரங்கு வாங்கிக்கொள்ளும், ரசீது தராது. சாயங்காலம் நெருங்கினால் உச்சிக்குப் போக விடமாட்டார்கள். சிங்கவரத்தையும் விட்டுவிடாதீர்கள். பெருமாள் முகத்தை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார் என்று நீங்களே பாருங்கள்.

மலை இறங்கினதும் குதிரை லாயத்துக்குப் போய், வளைவு நிழலில் பத்து நிமிஷம் உட்காருங்கள். கடைசியாக பைக் செயினுக்கு எப்போது ஆயில் போட்டோம், பின் டயரில் காற்று எப்போது பார்த்தோம், பிரேக் ஷூ எந்த வருஷம் மாற்றினோம் என்று யோசியுங்கள். ஞாபகம் வரவில்லையென்றால், செஞ்சியிலும் நல்ல மெக்கானிக் கடைகள் இருக்கின்றன. விசாரித்துப் போங்கள். அவர் ஸ்பானரும் கையுமாக இருக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். கிளம்பும்போது ஹெல்மெட்டை டாங்க் மேலிருந்து எடுத்துத் தலையில் போடுங்கள், பின்சீட்காரர் சொல்வதையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள். வீட்டுக்குப் பத்து நிமிஷம் லேட்டாகப் போய்ச் சேர்ந்தால் அம்மா திட்டுவாள். திட்டட்டும், நிமிஷத்துக்கு பத்து செகண்ட்தான் அபராதம்.